வேதமும் பிற நூல்களும்: நம் முன்னோர் காட்டிய வழி



சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஓர் இறப்பு வீட்டில் இரவு செபம் நடந்தது. நற்செய்தி வாசித்து முடிந்ததும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, திருக்குறளின் நிலையாமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளைச் சொல்லி, அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசினார். "வேதம் இருக்கும்போது இதெல்லாம் எதுக்குங்க சார்?" என்று ஓர் இளைஞர் கேட்டுவிட்டார். "எல்லாப் புத்தகமும் ஒண்ணுதான், விடு தம்பி" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். ஆசிரியர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு பல மாதங்கள் அவர் எந்த வீட்டுச் செபத்திற்கும் வரவில்லை.

அன்று அங்கிருந்த நாம் யாரும் வாய் திறக்கவில்லை. இளைஞர் கேட்டது தவறான கேள்வி அன்று. பெரியவர் சொன்னது சரியான பதிலும் அன்று. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் விசுவாச முன்னோரின் வரலாற்றைப் புரட்டி அந்தப் பதிலைத் தேடுவது நம் கடன் எனக் கருதுகிறோம்.

நம் நாவில் உள்ள வரலாறு

நம் ஊர்ப்பக்கங்களில் நம்மை 'வேதக்காரர்' என்றும், நம் ஆலயத்தை 'வேதக்கோயில்' என்றும் பிற சமயத்தார் அழைப்பதைக் கேட்டே வளர்ந்தோம். அந்த 'வேதம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியாளர் தம் மறைநூலுக்கு இட்ட பெயர் அது. 'வேதாகமம்' என்கிறோம், அதில் வேதமும் உண்டு, சைவர் போற்றும் ஆகமமும் உண்டு. வேதம் ஓதும் அந்தணரைக் குறித்த 'வேதியர்' என்ற சொல், நம்மிடையே ஞானோபதேசம் கற்பிப்பவரைக் குறிக்கலாயிற்று. வீரமாமுனிவர் அவர்களுக்கென எழுதிய நூலின் பெயரே 'வேதியர் ஒழுக்கம்' அன்றோ! பூசை, குரு, உபவாசம் என்பனவும் இவ்வாறு வந்தவையே. 1995-இல் பொது மொழிபெயர்ப்பு 'திருவிவிலியம்' என்ற பெயருடன் வெளிவந்தது. ஆயினும் நம் பாட்டிமார் வாயில் அது வேதபுத்தகமாகவே இருந்தது.

ஆகவே, கடவுளைப் பற்றிப் பேச நாம் எடுக்கும் சொற்களே பிறர் நூல்களில் பழகி, பண்பட்டு நம்மிடம் வந்தவை. அவற்றை நமக்குக் கொண்டுவந்து தந்தவர்கள் யார்?

தத்துவ போதகரும் வீரமாமுனிவரும்

இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள் 1606-இல் மதுரை வந்து சேர்ந்தார். தமிழ் கற்றார், சிவதர்மர் என்ற பிராமண ஆசிரியரிடம் வடமொழியும் கற்றார். வடமொழி நூல்களை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியருள் ஒருவராகிய அவரையே தத்துவ போதகர் என்று போற்றுகிறோம். அவருடைய முறையைச் சக குருக்களே எதிர்த்தனர். வழக்கு ரோமாபுரி வரை சென்று, 1623 சனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியாரின் ஆணையால் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அதே ஆண்டில்தான் அவர் மதுரையிலிருந்து புறப்பட்டு சேந்தமங்கலம், சேலம் ஆகிய இடங்களுக்கு வந்தார். நம் தொப்பூர்க் கணவாய்க்குத் தெற்கே, நமக்கு அண்டை நாட்டில், அவர் பாதம் பட்டிருக்கிறது.

அவர் படித்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டாரா? இல்லை. மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தனி நூலே எழுதினார். எடுத்ததும் உண்டு, மறுத்ததும் உண்டு. ஆனால் படிக்காமல் மறுத்தது இல்லை.

அவருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் வீரமாமுனிவர். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி, 3,615 பாடல்களில் தேம்பாவணியை 1726-இல் முடித்தார். அதே கைதான் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தது. வேதத்தில் ஊறிய அந்த மனிதர் வள்ளுவரைக் கண்டு அஞ்சவில்லை.

இன்னும் பழைய வழி

இது தமிழ்நாட்டில் பிறந்த புதுமை எனச் சிலர் எண்ணலாம். திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏதென்சு நகர மன்றில் நின்ற புனித பவுலடியார், யூதருடைய மறைநூலைக் காட்டிப் பேசவில்லை. அந்த மக்களின் கவிஞர்கள் பாடியதையே சான்றாக எடுத்துக் கிறிஸ்துவின் உயிர்ப்புக்கு வழி காட்டினார்.

புனித அகுஸ்தினார் பத்தொன்பது வயதில் சிசரோ எழுதிய 'ஒர்த்தேன்சியுஸ்' என்ற நூலைப் படித்தார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் எழுதிய அந்நூல்தான் தம் செபத்தையே கடவுள் பக்கம் திருப்பியது என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். ஆனால் அந்த நூலில் கிறிஸ்துவின் பெயர் இல்லையே என்ற குறை தம்மைத் தடுத்ததாகவும் அங்கேயே கூறுகிறார். நன்றியும் குறையும் ஒரே நெஞ்சில்! இதுவே நமக்குப் பாடம்.

பெங்களூரில் எழுந்த கேள்வி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட விளக்கத்தில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எவையோ அவற்றுள் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று கற்பித்தது. இதையொட்டி, 1974 டிசம்பரில், ஓசூரைத் தாண்டி நமக்குச் சில மணி நேரப் பயணத்திலுள்ள பெங்களூரில், அமலோர்பவதாஸ் அடிகளார் நடத்திவந்த தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தில் ஓர் ஆய்வரங்கு கூடியது. விவிலியம் அல்லாத மறைநூல்களிலும் ஒருவித இறை ஏவுதல் உண்டா, வழிபாட்டில் அவற்றுக்கு இடம் உண்டா என்று அறிஞர்கள் ஆராய்ந்தனர். நம் இளைஞர் கேட்ட கேள்விதான் அங்கும் கேட்கப்பட்டது.

திருச்சபையின் பதில் படிப்படியாகத் தெளிந்தது. திருப்பலியில் விவிலிய வாசகங்களுக்குப் பதிலாக வேறு நூல்களை வாசிக்கக்கூடாது என்று 1980-இலும் 2004-இலும் உரோமை அறிவுறுத்தியது. 2000-ஆம் ஆண்டில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், இறை ஏவுதல் பெற்ற நூல்கள் என்ற பெயர் பழைய, புதிய ஏற்பாட்டு நூல்களுக்கே உரியது என்றது. ஆயினும் பிற சமய நூல்களில் காணும் நன்மையும் அருளும் கிறிஸ்துவின் மறைபொருளிலிருந்தே வருகின்றன என்றும் அதே ஏட்டில் கூறியது.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

இறப்பு வீட்டில் நாம் குழம்பியது இரண்டு கேள்விகளை ஒன்றாக்கியதால்தான். உண்மை எங்கெல்லாம் கிடைக்கும் என்பது ஒன்று. பீடத்தில் எதை இறைவார்த்தையாக அறிக்கையிடுகிறோம் என்பது மற்றொன்று. முதலாவதற்கு எல்லைச் சுவர் இல்லை. உண்மை எங்கிருந்தாலும் அது அவருடையதே. இரண்டாவதற்கு எல்லை உண்டு. ஆலயத்தில் திருநூல் வாசிக்கப்படும்போது கிறிஸ்துவே பேசுகிறார் என்பது சங்கத்தின் போதனை. அந்த 73 நூல்களின் இடத்தில் வேறு எதையும் வைப்பதற்கில்லை. குளித்தலை அருகிலுள்ள சாந்திவன ஆசிரமத்தில் உபநிடதங்களும் தமிழ் நூல்களும் வாசிக்கப்படுவது பொதுச் செப வேளைகளில்தான் என்பதையும் நினைவில் கொள்வோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டிருக்கலாம் என்று ஜி. யு. போப் ஐயர் 1886-இல் தம் ஆங்கிலக் குறள் பதிப்பில் எழுதினார். அன்று முதல் வள்ளுவரைக் கிறிஸ்தவராக்கிப் பார்க்கும் ஆசை நம்மவரை விடவில்லை. அதற்கு உறுதியான சான்று இல்லை, தேவையும் இல்லை. ஒருவரை நம்மவராக்கினால்தான் மதிப்போம் என்பது மதிப்பாகாது. அடுத்த வீட்டார் நூலை, அவர்கள் அதற்குச் சொல்லும் பொருளோடு படிப்பதே நேர்மை.

அதியமானும் ஔவையும் வாழ்ந்த தகடூர் மண் இது. சங்க கால ஔவையார் வேறு, ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையார் வேறு என்பர் அறிஞர். எனினும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆத்திசூடியும், ஞாயிறு மறைக்கல்வியில் பத்துக் கட்டளையும் படித்தே வளர்கிறார்கள். இவ்விரண்டும் அவர்கள் நெஞ்சில் சண்டையிடுவதில்லை. சண்டையிடச் சொல்லித் தருவது நாம்தான்.

வரலாறு சொல்லும் செய்தி எளியது. பிற நூல்களைப் பயனோடு படித்தவர்கள், முதலில் தம் வேதத்தை நன்கு அறிந்தவர்கள். தன் வீட்டு விளக்கை ஏற்றாதவனுக்கு அடுத்த வீட்டு வெளிச்சம் பயமாகவும் தெரியும், மயக்கமாகவும் தெரியும். இந்த யூபிலி முதல் நம் இல்லங்களில் இரவுதோறும் நற்செய்தியில் ஓர் அதிகாரம் வாசிப்போம். பங்கு நூலகத்தில் திருவிவிலியத்தோடு திருக்குறளும் தேம்பாவணியும் இருக்கட்டும்.

அந்த ஆசிரியரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறோம்: ஐயா, நீங்கள் நற்செய்தியை முதலில் வாசிக்கவிட்டு, அதன் பின்னரே குறளைச் சொன்னீர்கள். வரிசை சரியாகத்தான் இருந்தது. மௌனமாயிருந்த எங்களை மன்னியுங்கள்.

உண்மையின் ஊற்றாகிய இறைவன் நம் பங்கை நிறைவாய் ஆசீர்வதிப்பாராக!