கிளாம் மெட்டல்

கிளாம் மெட்டல் என்பது 1980களில் அமெரிக்காவில், முதன்மையாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தழைத்த ஹார்ட் ராக் இசைப்பிரிவு. கனத்த கிதார் ஒலியும், அரங்கமே சேர்ந்து பாடக்கூடிய பல்லவியும், கண்ணைப் பறிக்கும் ஒப்பனையும் இதன் அடையாளங்கள். உப்பவைத்த தலைமுடியைச் சுட்டிப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட ‘ஹேர் மெட்டல்’ என்ற பெயர் இளக்காரமானது. அக்கலைஞர்களின் வாசிப்புத் திறனுக்கு அது நியாயம் செய்யவில்லை.

ஒப்பனை பிரிட்டனிலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் மார்க் போலன், டேவிட் போவி, ஸ்லேட், ஸ்வீட் ஆகியோர் மினுமினுக்கும் உடையில் மேடையேறினர். அமெரிக்காவில் நியூயார்க் டால்ஸ், ஆலிஸ் கூப்பர், கிஸ் குழுவினர் அதை மேலும் பெரிதாக்கினர். கிதாருக்கு வழிகாட்டியவர் எடி வான் ஹேலன். 1978இல் வெளியான வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில், வலக்கை விரலையும் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தந்திகளைத் தட்டி அவர் எழுப்பிய சுரவேகம், அடுத்த பத்தாண்டுக்கு இளைஞர்களின் பயிற்சிப் பாடமானது.

சன்செட் ஸ்ட்ரிப் சாலையின் விஸ்கி எ கோ கோ, ராக்ஸி போன்ற சிறு அரங்குகளே இவ்விசையின் நாற்றங்கால். அங்கே வாய்ப்புத் தேடிய குழுக்கள் இரவெல்லாம் துண்டறிக்கை கொடுத்தன. நுழைவுச்சீட்டுகளைத் தாங்களே முன்பணம் கொடுத்து வாங்கி விற்க வேண்டிய நிலையும் பின்னர் வந்தது. மோட்லி க்ரூ, ராட், பாய்சன் முதலிய குழுக்கள் இந்தச் சாலையில் பெயர் எடுத்தவை.

1981இல் தொடங்கிய எம்டிவி தொலைக்காட்சி இவர்களை நாடெங்கும் கொண்டு சென்றது. 1983 நவம்பரில் குவயட் ரயட் குழுவின் ‘மெட்டல் ஹெல்த்’ பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கு உதவிய பாடல் ஸ்லேட் குழுவுடையது என்பது பழைய கடனை நினைவூட்டுகிறது. 1986இல் வந்த பான் ஜோவியின் ‘ஸ்லிப்பரி வென் வெட்’ எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் குழுவான டெஃப் லெப்பர்டின் கதை தனியே சொல்லத்தக்கது. 1984 டிசம்பர் 31 அன்று நேர்ந்த கார் விபத்தில் அதன் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலன் இடக்கையை இழந்தார். குழு அவரைக் கைவிடவில்லை. இடக்கையின் தாளத்தை இடக்காலால் மிதித்து வாசிக்கும்படி மின்னணு டிரம்ஸ் அமைக்கப்பட்டது. அப்படி உருவான ‘ஹிஸ்டீரியா’ 1987இல் வெளிவந்தது. இப்பிரிவை வெறும் அலங்காரம் என்பவர்கள் அந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்க வேண்டும்.

வீழ்ச்சிக்கு 1991 செப்டம்பரில் வெளிவந்த நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். 1992 ஜனவரியில் அது முதலிடம் பிடித்ததும் காற்று மாறியது உண்மையே. ஆனால் சரக்கு முன்பே தீர்ந்திருந்தது. ‘பவர் பாலட்’ எனப்படும் உருக்கமான மெதுநடைப் பாடல்கள் நன்கு விற்றதால், இசை நிறுவனங்கள் ஒவ்வொரு குழுவிடமும் அதையே கேட்டன. ஒரே அச்சில் வார்த்த குழுக்களை ஒப்பந்தம் செய்தன. 1987இலேயே கன்ஸ் அண்ட் ரோசஸ், ஒப்பனையைக் குறைத்து, தெருவின் முரட்டுத்தனத்தோடு வேறொரு திசையைக் காட்டிவிட்டது. தேவை குறைந்ததும் நிறுவனங்கள் பழைய குழுக்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

ரசிகர்கள் கைவிடவில்லை. 2022இல் டெஃப் லெப்பர்ட், மோட்லி க்ரூ, பாய்சன் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வட அமெரிக்காவின் பெரும் விளையாட்டரங்குகளில் சுற்றுப்பயணம் செய்தன. டெஃப் லெப்பர்டுக்கு அப்போதும் டிரம்ஸ் வாசித்தவர் ரிக் ஆலன்.