குடந்தையும் ஒரு பகா எண்ணும்

80561663527802406257321747.

இருபத்தாறு இலக்கங்கள்! ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் இது. இத்தகையதைப் பகா எண் என்பர் கணித வல்லார். இதனினும் பெரியன உண்டு. 2024இல் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு நான்கு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள்! எனினும், தோழர்களே, இந்த எண் நமக்கு உறவு. காவிரி பாயும் குடந்தையிலே வளர்ந்த ஓர் இளைஞரின் சிந்தையிலே வேர் கொண்டது இது.

1887இல் ஈரோட்டிலே பிறந்த இராமானுசன், 1904இல் குடந்தை அரசினர் கல்லூரியிலே உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கிலே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகை போயிற்று. தாளுக்குப் பஞ்சம். ஆகவே கற்பலகையிலே கணக்கிட்டு, முழங்கையாலே அழித்து, முடிவை மட்டும் ஏட்டிலே குறித்தார். வழி அழிந்தது, விடை நின்றது.

நாமகிரித் தாயார் கனவிலே விடை தந்தாள் என்பது நாடறிந்த கதை. அவரும் அவ்வாறே நம்பினார். ஆனால் 1913இல் கேம்பிரிட்சுக் கணித வல்லார் ஆர்டிக்கு அவர் விடுத்த மடல்களைப் பாருங்கள்! குறித்த எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் எனக் கணிக்கும் சூத்திரம் ஒன்று அவற்றிலே இருந்தது. விடையை நெருங்கியதுதான்; ஆயினும் அவர் கருதிய துல்லியம் அதற்கில்லை என்று ஆர்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர். கனவே சான்றெனில், பிழைத்த சூத்திரமும் நிலைத்த சூத்திரமும் ஒரே கனவின் குழந்தைகள் அல்லவா? இரண்டையும் பிரித்துக் காட்டியது எது? நிறுவல்!

நிலைத்ததையும் காண்போம். 1916இல் அவர் ஓர் எண்வரிசையை ஆராய்ந்தார். முடிவின்றி நீளும் ஒரு பெருக்கலை விரித்தால் வரும் கெழுக்கள் அவை: 1, -24, 252, -1472, 4830, -6048 எனச் செல்லும். இரண்டாம் எண்ணை மூன்றாம் எண்ணாலே பெருக்குங்கள். ஆறாம் எண் வரும். பொதுக் காரணியற்ற எந்த இரண்டு இடங்களுக்கும் இது பொருந்தும் என்றார், நிறுவவில்லை. மார்டெல் 1917இல் நிறுவினார். அவ்வரிசை எவ்வளவு விரைந்து வளரலாம் என்று அவர் கணித்த எல்லையை நிறுவவோ, 1974இல் டெலின் வரவேண்டியிருந்தது! இராமானுசனோ 1920இலேயே, முப்பத்திரண்டு வயதிலே, மறைந்துவிட்டார்.

இவ்வரிசையிலே பகா எண் உண்டா? இடத்தின் எண் ஒற்றைப்படை வர்க்கமாக இல்லாவிடில் அங்குள்ள மதிப்பு இரட்டைப்படை. பகா எண்ணாக நிற்பது அரிது. பொதுக் காரணியற்ற இரு பகுதிகளாக இடம் பிரிந்தால் மதிப்பும் பிரியும். சல்லடை இவ்வளவு நுண்ணியது! 251இன் வர்க்கமாகிய 63001ஆம் இடத்திலேதான், குறைக்குறியோடு, முதல் பகா எண் நிற்கிறது. அதுவே மேலே கண்ட இருபத்தாறு இலக்க எண். 1965இல் அதைக் காட்டியவர் அமெரிக்கர் லெமர்.

அதே லெமர் 1947இல் கேட்ட கேள்வி மற்றொன்று: இவ்வரிசையில் எங்கேனும் சுழியம் வருமா? எந்தக் கனவிலும் எவருக்கும் அதற்கு விடை வரவில்லை. எந்த நிறுவலும் இன்னும் அதை எட்டவில்லை.