எரிபொருளின் நிறைப் பாய்வு வீதம்

எரிபொருளின் நிறைப் பாய்வு வீதம் என்பது ஓர் எந்திரத்துக்கோ குழாய்க்கோ ஓர் அலகு நேரத்தில் செல்லும் எரிபொருளின் நிறையைக் குறிக்கும். இது பொதுவாக கிலோகிராம்/மணி அல்லது கிலோகிராம்/நொடி என்னும் அலகுகளில் தரப்படுகிறது. ஓர் அலகு நேரத்தில் செல்லும் பருமன் பருமப் பாய்வு வீதம் எனப்படும். இது லிட்டர்/மணி போன்ற அலகுகளில் அளக்கப்படும். இலங்கை வழக்கில் நிறை திணிவு என்றும், பருமன் கனவளவு என்றும் வழங்கப்படுகின்றன.

எரிபொருள் எரியும்போது வெளிப்படும் வெப்பம் அதன் நிறையைப் பொறுத்தது. ஆனால் பெரும்பாலான அளவுமானிகள் பருமனையே அளக்கின்றன. எனவே ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எந்திரச் சோதனை, வானூர்திப் பயணம், எரிபொருள் வணிகம் ஆகியவற்றில் இன்றியமையாததாகிறது.

அடிப்படைத் தொடர்பு

நிறைப் பாய்வு வீதம் = அடர்த்தி × பருமப் பாய்வு வீதம்

அடர்த்தி கிலோகிராம்/கன மீட்டரிலும், பருமப் பாய்வு வீதம் லிட்டர்/மணியிலும் இருந்தால், பெருக்கிவரும் தொகையை 1000 ஆல் வகுக்க கிலோகிராம்/மணி கிடைக்கும். அதனை மேலும் 3600 ஆல் வகுத்தால் கிலோகிராம்/நொடி கிடைக்கும்.

15 °செ வெப்பநிலையில் சில நீர்ம எரிபொருள்களின் அடர்த்தி (கிலோகிராம்/கன மீட்டர்) ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

- பெட்ரோல்: 720 – 775
- வானூர்தி எரிபொருள் (ஜெட் ஏ-1): 775 – 840
- மண்ணெண்ணெய்: 780 – 820
- டீசல்: 820 – 845

வெப்பநிலையின் விளைவு

எரிபொருள் சூடேறும்போது விரிவடைவதால் அதன் அடர்த்தி குறைகிறது. ஆகவே அடர்த்தி எப்போதும் ஒரு குறிப்பு வெப்பநிலையுடன் சேர்த்தே கூறப்படும். இந்தியாவில் இது 15 °செ ஆகும். வேறு வெப்பநிலையில் உள்ள அடர்த்தியைத் தோராயமாகப் பின்வருமாறு கணிக்கலாம்:

அடர்த்தி = 15 °செ அடர்த்தி × [1 − விரிவு எண் × (வெப்பநிலை − 15)]

விரிவு எண் டீசலுக்கு ஏறத்தாழ 0.00085 எனவும், பெட்ரோலுக்கு ஏறத்தாழ 0.0012 எனவும் கொள்ளப்படும். துல்லியமான பணிகளுக்குப் பெட்ரோலியத் துறையின் திருத்த அட்டவணைகள் பயன்படுகின்றன.

எடுத்துக்காட்டு

மதுரைச் சமவெளியில் கோடைப் பகலில் வெப்பநிலை 40 °செ அளவை எட்டுவதுண்டு. திருநகரில் உள்ள ஒரு டீசல் மின்னாக்கி அவ்வெப்பநிலையில் மணிக்கு 12 லிட்டர் டீசலைச் செலவிட்டு 40 யூனிட் மின்சாரம் தருவதாகக் கொள்வோம். டீசலின் 15 °செ அடர்த்தி 830 எனில், 40 °செ இல் அது 830 × (1 − 0.00085 × 25) = 812 ஆகும்.

- திருத்தத்துடன்: 12 × 812 ÷ 1000 = 9.74 கிலோகிராம்/மணி, யூனிட்டுக்கு 244 கிராம்
- திருத்தமின்றி: 12 × 830 ÷ 1000 = 9.96 கிலோகிராம்/மணி, யூனிட்டுக்கு 249 கிராம்

திருத்தம் செய்யாவிடில் மின்னாக்கி உண்மையில் இருப்பதைவிட 2 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாக எரிபொருளைச் செலவிடுவதாகத் தோன்றும்.

திரும்பு குழாய்

பல டீசல் எந்திரங்களில் தொட்டியிலிருந்து வரும் எரிபொருளில் ஒரு பகுதி மட்டுமே எரிகிறது. எஞ்சியது சூடேறித் தொட்டிக்குத் திரும்புகிறது. இங்கு இரு பருமன்களை நேரடியாகக் கழிப்பது பிழையாகும். 40 °செ இல் மணிக்கு 60 லிட்டர் உள்ளே சென்று, 65 °செ இல் 49 லிட்டர் திரும்பினால், பருமன் வேறுபாடு 11 லிட்டர். இதனை 812 ஆல் பெருக்கினால் 8.93 கிலோகிராம் எனக் கிடைக்கும். ஆனால் 65 °செ இல் டீசலின் அடர்த்தி 795 ஆகும். எனவே சரியான விடை 48.72 − 38.96 = 9.76 கிலோகிராம். பிழை 8 விழுக்காட்டைத் தாண்டுகிறது. முதலில் ஒவ்வொன்றையும் நிறையாக மாற்றி, பின்னரே கழிக்க வேண்டும்.

வளிம எரிபொருள்கள்

வளிமங்களின் அடர்த்தி வெப்பநிலையுடன் அழுத்தத்தையும் பெரிதும் சார்ந்தது. இதனால் அழுத்தப்பட்ட இயற்கை எரிவளி (சி.என்.ஜி.) இந்தியாவில் கிலோகிராம் கணக்கிலேயே விற்கப்படுகிறது. நிறையை நேரடியாக அளக்கும் கொரியோலிசு அளவுமானிகள் இதற்குப் பயன்படுகின்றன. வீட்டுச் சமையல் எரிவளி உருளையும் 14.2 கிலோகிராம் என நிறையாலேயே குறிக்கப்படுகிறது.

பெட்ரோல் நிலையங்களில்

பெட்ரோலும் டீசலும் லிட்டர் கணக்கில் விற்கப்படுகின்றன. ஆயினும் ஒவ்வொரு நிலையத்திலும் அடர்த்திப் பதிவேடு பேணப்படுகிறது. அடர்த்திமானியால் (ஹைட்ரோமீட்டர்) அளந்து 15 °செ க்கு மாற்றிய அடர்த்தி, சரக்குச் சீட்டில் உள்ள மதிப்பிலிருந்து 3 கிலோகிராம்/கன மீட்டருக்கு மேல் வேறுபட்டால் கலப்படம் குறித்த ஐயம் எழும். இச்சோதனையைக் கேட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

அதிகாலையில் எரிபொருள் நிரப்பினால் கூடுதல் நிறை கிடைக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. எரிபொருள் 10 °செ குளிர்ந்திருந்தால் பெட்ரோலின் நிறை 1.2 விழுக்காடு கூடும் என்பது உண்மையே. ஆனால் நிலத்தடித் தொட்டியின் வெப்பநிலை ஒரே நாளுக்குள் மிகச் சிறிதளவே மாறுவதால் நடைமுறையில் பயன் மிகக் குறைவு.

கிம்லி நிகழ்வு

இம்மாற்றத்தில் நேர்ந்த பிழையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1983 சூலை 23 அன்று கனடாவில் நிகழ்ந்தது. மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்லவிருந்த ஏர் கனடா 143 ஆம் பறப்பின் போயிங் 767 வானூர்தியில் எரிபொருள் காட்டி இயங்கவில்லை. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் தேவைப்பட்டது; தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது.

ஒரு லிட்டரின் நிறை 0.803 கிலோகிராம் எனக் கொள்வதற்குப் பதிலாக 1.77 என்னும் எண் பயன்படுத்தப்பட்டது. இது ஒரு லிட்டரின் நிறையைப் பவுண்டில் தரும் எண்ணாகும். இதனால் 20,088 லிட்டர் நிரப்பவேண்டிய இடத்தில் 4,916 லிட்டர் மட்டுமே நிரப்பப்பட்டது. தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் புறப்பட்ட வானூர்தியின் இரு எந்திரங்களும் நடுவானில் நின்றன. விமானி பாப் பியர்சன், துணை விமானி மொரிசு குவின்டல் ஆகியோர் அதனை மிதவை வானூர்தி போல ஓட்டி, மானிட்டோபா மாகாணத்தின் கிம்லியில் இருந்த முன்னாள் வான்படைத் தளத்தில் இறக்கினர். வானூர்தியில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

எண்ணுடன் அதன் அலகையும் எழுதிக் கணக்கிடும் பழக்கம் ஏன் தேவை என்பதற்கு இந்நிகழ்வு பொறியியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- அடர்த்தி
- வெப்ப விரிவு
- பாய்வுமானி