அமேடியஸ் நால்வர்: முள்வேலியும் ராஸ்டலின் வகுப்பும்

அமேடியஸ் குவார்ட்டெட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முள்வேலியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத இளைஞர்கள் மூவர். 1940-இல், படையெடுப்பு பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் அரசு அந்த அகதிகளையே எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்தது. ஷ்ராப்ஷயரில் இருந்த பிரீஸ் ஹீத் முகாமில் நார்பர்ட் பிரைனினும் பீட்டர் ஷிட்லாஃபும் சந்தித்தார்கள். பிறகு ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் ஷிட்லாஃபுக்கு சீக்மண்ட் நிசலின் நட்பு கிடைத்தது. துன்பத்தின் மடியில் ஓர் இசைக்குழு பிறந்தது என்று கதை முடியும். இதில் சொல்லப்படும் சம்பவங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவை ஏற்க முடியவில்லை. முகாம் அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தது, அவ்வளவே. அவர்களைக் குவார்ட்டெட் ஆக்கியது வெளியே வந்தபின் கிடைத்த கல்வி.

இதற்கு முதல் சான்று அந்த இசைவடிவத்திலேயே இருக்கிறது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. முன்னால் நின்று கைகாட்ட நடத்துநர் கிடையாது. ஒரு சொற்றொடரை வில்லின் எந்தப் பகுதியில் தொடங்குவது, இடது கை விரலை எவ்வளவு அதிரவிடுவது, சுருதியை எந்த இடத்தில் மயிரிழை உயர்த்துவது என்று ஒவ்வொன்றிலும் நால்வரும் ஒத்துப்போக வேண்டும். வெவ்வேறு பள்ளிகளில் பயின்றவர்கள் சேர்ந்தால் இந்தப் பேச்சுவார்த்தைக்கே ஆண்டுகள் கரைந்துவிடும். அமேடியஸ்காரர்களுக்கு அந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. தானும் முகாமில் அடைபட்டிருந்த பியானோ கலைஞர் ஃபெர்டினண்ட் ரவுட்டர் காட்டிய வழியில் ஷிட்லாஃப், மாக்ஸ் ராஸ்டலிடம் போய்ச் சேர்ந்தார். பெர்லினில் புகழ்பெற்ற கார்ல் ஃபிளெஷின் மாணவர் ராஸ்டல். 1934-இல் ஜெர்மனியைவிட்டு இலண்டன் வந்தவர். அகதி இளைஞர்களுக்கு அவர் கட்டணம் வாங்காமல் கற்பித்தார். நிசலும் அவரிடமே பயின்றார். பிரைனினோ முதலில் ஃபிளெஷிடமும் பிறகு ராஸ்டலிடமும் கற்றவர். போர்க்காலம் என்பதால் பிழைப்புக்கும் போர்த் தேவைக்கும் வேறு வேலை பார்த்தபடிதான் இந்தப் பாடமும் சாதகமும் நடந்தன. குவார்ட்டெட் உருவானபோது ஷிட்லாஃப் வயலினை விட்டு வயோலாவுக்கு மாறினார். ஆக, மேல்வரிசையில் இருந்த மூவருமே ஒரே ஆசிரியரிடம் வில்பிடித்தவர்கள். அவர்களுடைய இசைப்பதிவுகளில் வயோலா தனித்து மங்கி ஒலிக்காமல் வயலின்களின் ஒளியோடு கலந்து நிற்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

நான்காமவர் மார்ட்டின் லவட் இந்த வாதத்துக்கு இடறலாகத் தோன்றலாம். 1927-இல் இலண்டனில் பிறந்த அவர் அகதியும் அல்லர், ராஸ்டலின் மாணவரும் அல்லர். ராஸ்டலிடம் பயின்ற வயலின் கலைஞர் சூசன் ரோசாவின் வழியாகவே மற்ற மூவரிடம் வந்து சேர்ந்தார். பின்னாளில் சூசன் அவருடைய மனைவியானார். ஆனால் லவட் செல்லோ கற்றது யாரிடம் என்று பார்க்க வேண்டும். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஐவர் ஜேம்ஸ், ஃபிராங்க் பிரிட்ஜுடன் இங்கிலிஷ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டிலும், பின்னர் மெஞ்ஜஸ் குவார்ட்டெட்டிலும் வாசித்தவர். தொழிலை உள்ளிருந்து அறிந்த ஒருவரிடம் பயின்றவர்தான் நான்காம் நாற்காலியில் வந்து அமர்ந்தார். லவட்டின் கதை வாதத்தை வலுப்படுத்துகிறது.

இன்னொரு ஆட்சேபம் மனத்தைத் தொடுவது. முகாமின் பங்கைக் குறைத்துச் சொன்னால் அவர்கள் பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்துவதாகாதா? எனக்கு நேர்மாறாகவே படுகிறது. பதினேழு, பதினெட்டு வயதுதான் ஒரு வயலின் கலைஞரின் கைக்கு மிக முக்கியமான காலம். அந்த வயதில் அவர்களை அடைத்துவைத்தது இழப்பு மட்டுமே. அன்றைய இசையுலகம் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தது. அடைபட்ட இசைக்கலைஞர்களை விடுவிக்கப் பரிந்துரைக்கும் குழுவுக்கு இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸே தலைமை ஏற்றார். முகாமை ஓர் இசைப்பள்ளிபோல் இன்று வருணிப்பது, அவர்களை அதிலிருந்து விடுவிக்க உழைத்தவர்களுக்கும் செய்யும் அநீதி.

கடினமான கேள்வி வேறு ஒன்று உண்டு. ராஸ்டலிடம் எத்தனையோ பேர் கற்றார்கள். எல்லோரும் இப்படி ஆகவில்லையே? உண்மைதான். கல்வி இல்லாமல் குவார்ட்டெட் இல்லை. கல்வி மட்டும் இருந்தால் சோறு கிடைக்காது. ஆர்க்கெஸ்ட்ரா கலைஞருக்கு இருப்பதுபோல் குவார்ட்டெட்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. 1946-இல் கார்ல் ஃபிளெஷ் பரிசை வென்ற பிரைனினுக்குத் தனிக் கலைஞராகும் பாதை திறந்தே இருந்தது. அதை விட்டு நால்வரில் ஒருவராக இருக்க அவர் தீர்மானித்தது பெரிய துணிச்சல். 1947 கோடையில் டார்ட்டிங்டனில் பிரைனின் குவார்ட்டெட் என்ற பெயரில் வாசித்தபோது கேட்ட இசையமைப்பாளர் இமோஜன் ஹோல்ஸ்ட், இலண்டனில் அரங்கேறுவதற்கு நூறு பவுண்டு கொடுத்தார். 1948 ஜனவரி 10 அன்று விக்மோர் ஹாலில் அமேடியஸ் என்ற பெயரோடு மேடையேறினார்கள். பி.பி.சி. 1946-இல் தொடங்கியிருந்த மூன்றாம் அலைவரிசைக்குத் தரமான அறை இசை தேவைப்பட்டது. ஆசிரியரின் தாராளம், ஒரு புரவலரின் நூறு பவுண்டு, பொது வானொலி ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் திறமை தொழிலாக மாறியது.

அதற்குப் பிறகு நடந்தது அனைவரும் அறிந்தது. டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காக அவர்கள் ஏராளமாகப் பதிவு செய்தார்கள். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் மூன்றாம் குவார்ட்டெட்டை அவர்களுக்காக எழுதினார். அவர் மறைந்த பதினைந்தாம் நாள், 1976 டிசம்பர் 19 அன்று, ஸ்னேப்பில் அவர்கள் அதை முதன்முறையாக வாசித்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆள் மாறவே இல்லை. 1987-இல் ஷிட்லாஃப் இறந்ததும், இன்னொரு வயோலாவைத் தேடாமல் மற்ற மூவரும் குழுவையே கலைத்தார்கள். தாங்கள் பெற்ற கல்வியை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. கொலோன் நகர இசைக்கல்லூரியிலும் இலண்டன் ராயல் அகாடமியிலும் இளம் குவார்ட்டெட்களுக்குப் பாடம் சொன்னார்கள். கொலோனில் அவர்களிடம் பயின்ற ஆரின் குவார்ட்டெட் 1981-இல் தொடங்கியது. அதுவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதே நால்வரோடு வாசித்தது.