பூஜ்யம் டாலர் படகு

படகு எரிந்து மூழ்கி மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. கடலுக்கடியில் இன்னும் ஓர் உடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் படகுக் கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் ஃபெடரல் கோர்ட்டுக்கு ஓடிவிட்டது. மனுவின் சாரம் இதுதான்: ‘எங்கள் படகின் இன்றைய மதிப்பு பூஜ்யம் டாலர். ஆகவே எங்கள் பொறுப்பும் பூஜ்யம்.’

செத்துப்போனவர்கள் 34 பேர்.

நான் பி.காம். படித்தவன். ‘லிமிடெட் லயபிலிட்டி’ என்றால் என்னவென்று நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறேன். கம்பெனி திவாலானால் போட்ட முதலோடு போச்சு, பங்குதாரர் வீட்டை விற்க வேண்டாம். நியாயம்தான். ஆனால், முதல் எரிந்து சாம்பலானால் பொறுப்பும் கூடவே சாம்பலாகிவிடும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. இந்த விசித்திரக் கணக்கு எங்கிருந்து முளைத்தது என்று தேடிப் போனால், அங்கேயும் ஒரு படகு எரிந்துகொண்டிருக்கிறது.

1840, ஜனவரி 13. கடுங்குளிர். நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ‘லெக்ஸிங்டன்’ என்ற நீராவிக் கப்பல் லாங் ஐலண்ட் ஜலசந்தியில் போய்க்கொண்டிருந்தது. கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் கட்டி, பிறகு விற்றுவிட்ட கப்பல். மேல்தளத்தில் சுமார் 150 பஞ்சுப் பொதிகள். எங்கே அடுக்கியிருந்தார்கள் தெரியுமா? புகைபோக்கிக்குப் பக்கத்தில்! ராத்திரி ஏழரை மணி சுமாருக்கு மரச்சட்டம் பற்றிக்கொண்டது. அப்புறம் பஞ்சு. தண்ணீர் மொள்ளப் போதுமான வாளிகள் இல்லை. வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த நாணயப் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அந்தப் பெட்டிகளால் தண்ணீர் இறைத்தார்கள். கப்பலை நிறுத்த முடியவில்லை. ஓடுகிற கப்பலிலிருந்து இறக்கிய உயிர்காப்புப் படகுகள் கவிழ்ந்தன. 143 பேரில் பிழைத்தது நாலே பேர். அதில் ஒருவர் பஞ்சுப் பொதி ஒன்றைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் மிதந்து கரை சேர்ந்தார். கொன்றதும் பஞ்சு, காப்பாற்றியதும் பஞ்சு.

கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 139 உயிர்களுக்காக அல்ல சார், கப்பலோடு போன சுமார் 18,000 டாலர் நாணயத்துக்காக! ‘கப்பல் கம்பெனிதான் தர வேண்டும்’ என்று 1848-ல் தீர்ப்பு வந்தது. கப்பல் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கிலாந்துக்காரனுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, எங்களுக்கு மட்டும் கிடையாதா என்று கிளம்பிவிட்டார்கள். 1851-ல் சட்டம் தயார். முதலாளிக்குத் தெரியாமல் நடந்த விபத்து என்றால், பயணம் முடிந்த பிறகு கப்பலுக்கு என்ன மதிப்போ, அதோடு வரவேண்டிய கட்டணம் எவ்வளவோ, அவ்வளவுதான் நஷ்டஈடு. ‘முடிந்த பிறகு’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். விஷமே அதில்தான். டைட்டானிக் முதலாளிகளும் இதே சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். கப்பல் கடலடியில், மிஞ்சியது உயிர்காப்புப் படகுகளும் கட்டணமும். மதிப்பு சுமார் 92,000 டாலர்.

சரி, 2019-க்கு வருவோம்.

‘கன்செப்ஷன்’ 75 அடிப் படகு. 1981-ல் கட்டியது. மரப்பலகை, மேலே ஃபைபர் கிளாஸ். ஸ்கூபா டைவிங் பிரியர்கள் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஏறி, பக்கத்துத் தீவுகளைச் சுற்றிவிட்டு வருவார்கள். செப்டம்பர் 2, விடுமுறை வாரக்கடைசி. சான்டா க்ரூஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம். கீழ்த்தளத்தில் அடுக்குக் கட்டில்களில் 33 பயணிகளும் ஒரு ஊழியரும் தூங்குகிறார்கள். கேப்டன் உள்பட மற்ற ஐந்து பேர் மேல்தளத்தில்.

நடுவில் இருப்பது சாப்பாட்டுக் கூடம். பகலெல்லாம் படம் பிடித்த கேமரா, டார்ச், செல்போன் எல்லாவற்றையும் அங்கேதான் சார்ஜ் போடுவார்கள். நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஞாபகம் வருகிறதா? அதே மாதிரிதான், விடிய விடிய. கீழேயிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. முன்பக்கம் படிக்கட்டு. பின்பக்கம் ஒரு கட்டிலுக்கு மேலே அவசர வழி. விதிப்படி இரண்டு, சரிதானே? ஆனால் இரண்டுமே அந்த ஒரே கூடத்தில்தான் போய் முடிந்தன. தீ பிடித்ததும் அந்தக் கூடத்தில்தான்.

புகை அலாரம் இருந்தது, கீழே. புகையோ மேலே போகிற சரக்கு. கூடத்தில் அலாரம் கிடையாது. வைக்கச் சொல்லி விதியும் கிடையாது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு மருந்து இருந்தது, பைசா செலவில்லாத மருந்து: ராத்திரி முழுக்க ஒரு ஆள் விழித்திருந்து படகைச் சுற்றி வர வேண்டும். படகுக்குக் கொடுத்த சான்றிதழிலேயே எழுதியிருந்த நிபந்தனை. அன்று ராத்திரி ஆறு ஊழியர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணி சுமாருக்கு மேலே ஒருவர் விழித்தபோது கூடம் எரிந்துகொண்டிருந்தது. மூச்சுத் திணறலோடு கேப்டன் வயர்லெஸ்ஸில் கத்தினார். பிறகு கடலில் குதித்தார். கீழே இருந்தவர்கள் தூக்கத்திலேயே போயிருப்பார்கள் என்று சொல்லித்தான் பலர் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அதுவும் இல்லை. ஒரு பயணியின் செல்போனில் 24 விநாடி வீடியோ கிடைத்தது. எழுந்திருக்கிறார்கள். வழி தேடுகிறார்கள். சில உடல்களின் காலில் ஷூ இருந்தது.

தீ எதிலிருந்து ஆரம்பித்தது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய படகே எரிந்துபோயிருந்தது. இவ்வளவு பேர் செத்ததற்குக் காரணம் காவல் இல்லாததும், அந்த நிபந்தனையைக் கம்பெனி கண்காணிக்காததும் என்பதில் மட்டும் வாரியத்துக்குச் சந்தேகமில்லை.

கேப்டன் மீது பாய்ந்த சட்டமும் ஒரு கிழட்டுச் சட்டம்தான். 1838-ல், பாய்லர்கள் வெடித்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில் போட்டது. கப்பல் அதிகாரியின் அலட்சியத்தால் உயிர் போனால் ஜெயில். 2023 நவம்பரில் குற்றவாளி என்றார்கள். 2024 மே மாதம் நாலு வருஷம் தண்டனை. இதற்கிடையே கடலோரக் காவல்படை விதிகளை மாற்றியது. அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஒன்று அலறினால் எல்லாம் அலற வேண்டும். தூங்கும் இடத்திலிருந்து ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் வேண்டும். இரவுக் காவலர் நிஜமாகவே சுற்றுகிறாரா என்று காட்டும் கருவியும் வேண்டும்.

அந்தப் பூஜ்யக் கணக்கு? செத்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டன் வரை போய்ப் போராடின. சின்னப் பயணிப் படகுகளுக்கு 1851 சட்டம் செல்லாது என்று 2022 டிசம்பரில் புதுச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்தேதி கிடையாது. இனி நடக்கும் விபத்துகளுக்கு மட்டும். போராடி வாங்கிய குடும்பங்களுக்கு அது பொருந்தாது.