பாரிஸில் சொன்ன ஒரு வாக்கியம்

1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் மாலை. நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் கரையிலுள்ள பீக்ஸ்கில் என்னும் சிற்றூரை அடுத்த ஒரு திறந்தவெளியில் இசைக் கச்சேரி ஒன்றுக்கு ஏற்பாடாகியிருந்தது. மேடை தயார். நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. கேட்க வந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். பாடகர் மட்டும் வந்து சேரவில்லை. வரும் வழியை ஒரு கும்பல் அடைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கைகளில் கல்லும் தடியும். முன்னதாக வந்து மேடையருகே சிக்கிக்கொண்டவர்களை அவர்கள் அடித்துத் துவைத்தனர். நாற்காலிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் குவித்துக் கொளுத்தினர். பாடகருக்குக் கொடும்பாவி கட்டித் தூக்கில் தொங்கவிட்டனர்.

அந்தப் பாடகர் பால் ராப்சன். அவர் செய்த குற்றம், நான்கு மாதங்களுக்கு முன் பாரிஸ் நகரில் பேசியதாகப் பத்திரிகைகளில் வெளிவந்த ஒரே ஒரு வாக்கியம்.

இன்றைய இளைஞர் பலர் அவர் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். எனவே அவர் யார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ராப்சனின் தந்தை அடிமையாகப் பிறந்தவர். வட கரோலினாவின் தோட்டமொன்றிலிருந்து பதின்ம வயதில் தப்பியோடி, படித்து, பாதிரியாரானவர். 1898 ஏப்ரல் 9ஆம் நாள் பிரின்ஸ்டன் நகரில் பிறந்த மகன் ஆறு வயது நிரம்புமுன்பே தாயைத் தீ விபத்தில் இழந்தார். 1915இல் உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே கறுப்பின மாணவர் அவர் ஒருவரே. கால்பந்து அணியில் இடம் கேட்டுச் சென்ற முதல் நாளே சக மாணவர்கள் அவருடைய மூக்கை உடைத்தார்கள். அந்த அணியின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் திகழ்ந்து, நாட்டின் மிகச் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 1918இல் இடம்பெற்றார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1923இல் பட்டம் பெற்றார். வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், கறுப்பர் ஒருவர் சொல்வதை நான் எழுதுவதா என்று சுருக்கெழுத்துக்காரப் பெண்மணி மறுத்துவிட்டார். ராப்சன் அத்துடன் வக்கீல் தொழிலுக்கு முழுக்குப் போட்டார். அமெரிக்க நீதித்துறை எதை இழந்ததோ நாம் அறியோம். இசையுலகம் பெற்றது என்ன என்பதை உலகம் அறியும்.

1925இல் நியூயார்க்கில் அவர் நடத்திய முதல் பெருங்கச்சேரியில் பாடியவை அனைத்தும் கறுப்பின மக்களின் பாடல்கள். பருத்திக் காட்டில் அடிமைகள் பாடிய அப்பாடல்களை, எந்த ஒப்பனையுமின்றி, தம் ஆழ்ந்த குரலில் அவர் சபையேற்றினார். பின்னர் இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் பாடக் கற்றார். ஒவ்வொரு நாட்டு உழைப்பாளியின் பாட்டிலும் தம் தந்தையின் குரலையே கேட்டதாக அவர் கருதினார் எனலாம். மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடல் ஒன்று உண்டு. வெள்ளையர் ஒருவர் எழுதிய அந்தப் பாட்டில் சலிப்பையும் சோர்வையும் சொல்லும் அடிகளை எடுத்துவிட்டு, போராட்டத்தைச் சொல்லும் அடிகளை வைத்துப் பாடலானார். பின்னாளில் அஸ்ஸாமியப் பாடகர் பூபேன் ஹஜாரிகா கங்கையை நோக்கிக் கேள்வி கேட்டுப் பாடியதற்கும் அந்தப் பாட்டே தூண்டுதல். ஹஜாரிகா கொலம்பியாவில் படித்த நாட்களில் ராப்சனுடன் பழகியவர்.

1943இல் பிராட்வேயில் அவர் நடித்த 'ஒத்தெல்லோ' 296 முறை அரங்கேறியது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அந்நகரில் அதுவரை அத்தனை முறை தொடர்ந்து நடந்ததில்லை. வெள்ளையருக்குத் தனி இடம், கறுப்பருக்குத் தனி இடம் என்று பிரிக்கும் அரங்குகளில் நடிக்கமாட்டேன் என்றார், அவ்வாறே நடந்துகொண்டார்.

இத்தகைய மனிதர் அரசியல் பேசாமல் இருந்திருந்தால் என்ன என்று கேட்பார் உண்டு. பாடகர் பாடட்டும், பேசுவது எதற்கு என்பது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் கேட்கப்படும் கேள்விதான். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அடிமையாகப் பிறந்த தந்தைக்கு மகனாக வளர்ந்தவர், அத்தந்தையின் பாட்டைப் பாடிவிட்டு, சவுக்கைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாதா? 1946இல், போர்முனையிலிருந்து திரும்பிய கறுப்பினச் சிப்பாய்கள் தென் மாநிலங்களில் கொல்லப்பட்டபோது, ராப்சன் ஒரு குழுவுடன் சென்று ஜனாதிபதி ட்ரூமனைச் சந்தித்தார். இக்கொலைகளை அரசு தடுக்காவிடில் எங்களை நாங்களே காத்துக்கொள்வோம் என்றார். ட்ரூமன் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார்.

இனி பாரிஸுக்கு வருவோம். 1949 ஏப்ரல் 4ஆம் நாள் வடஅட்லாண்டிக் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. சோவியத் நாட்டோடு அடுத்த போர் எப்போது என்பதே அன்றைய பேச்சு. அந்த மாதம் 20ஆம் நாள் பாரிஸில் கூடிய உலக சமாதான மாநாட்டில் ராப்சன் பாடினார். சில நிமிடங்கள் பேசினார். அமெரிக்காவின் செல்வம் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரின் முதுகிலும் லட்சக்கணக்கான கறுப்பரின் முதுகிலும் கட்டப்பட்டது, அதில் எங்களுக்குச் சம பங்கு வேண்டும், நாங்கள் எவர் மீதும் போர் தொடுக்க விரும்பவில்லை, சோவியத் நாட்டின் மீதும் தொடுக்கமாட்டோம் என்பது அவர் பேச்சின் சாரம். ஆனால் அஸோஸியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய செய்தி வேறு விதமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தங்களை நசுக்கியவர்களுக்காக, ஒரே தலைமுறையில் தம் இனத்தாருக்கு முழு மனித மதிப்பை அளித்த நாட்டின் மீது அமெரிக்கக் கறுப்பர்கள் போருக்குப் போவார்கள் என்பது நினைத்தும் பார்க்க முடியாதது என்று அவர் கூறியதாக அச்செய்தி சொன்னது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னது சமாதான ஆசை. பின்னது ஓர் இனம் முழுவதன் சார்பிலும் தேசத் துரோகத்துக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் போலத் தோன்றுவது. மூலப் பேச்சைத் தேடிப் படிக்க எவருக்கும் பொறுமையில்லை. மறுநாளே தலையங்கங்கள் பாய்ந்தன.

இதைவிட நம் உள்ளத்தைத் தொட்டது அடுத்து நடந்தது. பேசியவர் ஒருவர், பதில் சொல்ல வேண்டியிருந்ததோ அவருடைய இனம் முழுவதும். கறுப்பின மக்களின் அமைப்புகளுடைய தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக, 'ராப்சன் எங்களுக்காகப் பேசவில்லை, நாங்கள் இந்நாட்டுக்கு விசுவாசமானவர்கள்' என்று அறிக்கை விட்டார்கள். அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அத்துடன் நிறைவடையவில்லை. ஜாக்கி ராபின்சனை அழைத்தது. 1947இல் உயர்மட்ட பேஸ்பால் ஆட்டத்தின் நிறத் தடையை உடைத்து நுழைந்த முதல் கறுப்பின வீரர் அவர். நாடே அவரைக் கொண்டாடிய நேரம். 1949 ஜூலை 18ஆம் நாள் அவர் சாட்சி சொன்னார். ராப்சன் உண்மையில் அப்படிப் பேசியிருந்தால் அது அசட்டுப் பேச்சு என்றார். நிற வெறியையும் அதே சாட்சியத்தில் கண்டித்தார். ஆனால் பத்திரிகைகள் முன்னதைக் கொட்டை எழுத்தில் போட்டு, பின்னதைக் கண்டும் காணாமல் விட்டன. அந்த நிறத் தடையை நீக்குங்கள் என்று 1943 டிசம்பரில் பேஸ்பால் அணி உரிமையாளர்களின் முன் நேரில் போய்க் கேட்டவர்களில் ராப்சனும் ஒருவர் என்பதை எவரும் அன்று நினைவுகூரவில்லை.

ஒருவர் பேசியதற்காக ஒரு சமூகமே விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டிய நிலை எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பீக்ஸ்கில் கச்சேரி நிற்கவில்லை. செப்டம்பர் 4ஆம் நாள் மீண்டும் ஏற்பாடு செய்தார்கள். இம்முறை தொழிற்சங்கத்தார் ஆயிரக்கணக்கில் திரண்டு, திடலைச் சுற்றித் தோளோடு தோள் சேர்ந்து மனிதச் சுவராக நின்றனர். சுமார் இருபதாயிரம் பேர் கேட்க வந்தனர். ராப்சன் பாடினார். பாட்டு முடிந்து வண்டிகள் வெளியேறிய குறுகிய சாலையில்தான் வினை காத்திருந்தது. இருபுறமும் கற்குவியலுடன் நின்றவர்கள் கார்களின் மீதும் பேருந்துகளின் மீதும் எறிந்தார்கள். நூற்று நாற்பது பேருக்கு மேல் காயமுற்றனர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் பறந்த கறுப்பின விமானி யூஜின் புல்லார்டைத் தரையில் தள்ளி அடித்தனர். அடித்தவர்களில் சீருடை அணிந்த காவலரும் இருந்ததைப் புகைப்படங்கள் காட்டுகின்றன. எவரும் அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. அன்று மேடையேறிய இன்னொரு பாடகரான பீட் சீகர், தம் குடும்பத்தார் இருந்த வண்டிக்குள் வந்து விழுந்த கற்களைப் பத்திரப்படுத்தி, பிற்பாடு தாம் கட்டிய வீட்டின் புகைபோக்கியில் பதித்துவைத்தார்.

அடுத்த தண்டனைக்குக் கல் தேவைப்படவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் ரத்தாயின. அரங்க உரிமையாளர்கள் கதவைச் சாத்தினர். 1950 மார்ச்சில், மறைந்த ஜனாதிபதியின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றுவார் என்ற அறிவிப்பு வந்தவுடன் எழுந்த கூச்சலில் அது கைவிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியவரின் வருமானம் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. கால்பந்து வரலாற்று நூல் ஒன்றில் 1918ஆம் ஆண்டின் தலைசிறந்த அணி என்று பத்துப் பெயர்கள் மட்டுமே அச்சாகியிருந்தன. பதினோராவது பெயரைக் காணோம்.

வெளிநாட்டிலாவது பாடலாம் என்றால், 1950இல் அவருடைய பாஸ்போர்ட்டை அரசு ரத்து செய்தது. வழக்கு மன்றத்தில் அரசுத் தரப்பு கூறிய காரணங்களைப் படிக்கையில் வியப்பு மேலிடுகிறது. அமெரிக்காவில் கறுப்பர் நடத்தப்படும் விதத்தை வெளிநாடுகளில் பேசுகிறாராம். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டாராம்! அடிமைப்பட்ட நாட்டார்க்குப் பரிந்து பேசியதே குற்றப் பத்திரிகையாயிற்று.

பாஸ்போர்ட் தேவையில்லாத கனடாவுக்கும் 1952 தொடக்கத்தில் அவரைப் போகவிடவில்லை. அங்கே வான்கூவரில் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளருக்குத் தொலைபேசி வழியே பாடினார். அதே ஆண்டு மே 18ஆம் நாள் எல்லைக் கோட்டில், அமெரிக்க மண்ணில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பாட, எல்லையின் இருபுறமும் பல்லாயிரவர் நின்று கேட்டனர். 1957இல் அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க்கிலிருந்து அவர் பாடியதை லண்டனிலும் வேல்ஸ் நாட்டிலும் மக்கள் அரங்கில் அமர்ந்து கேட்டார்கள். உடலுக்குத்தான் தடை; குரலுக்குத் தடை போட அதிகாரிகள் மறந்துவிட்டனர் போலும்!

1956 ஜூன் 12ஆம் நாள் அந்த விசாரணைக் குழு அவரையே கூண்டில் ஏற்றியது. ரஷ்யா அவ்வளவு நல்ல நாடாயின் அங்கேயே தங்கிவிட வேண்டியதுதானே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். என் தந்தை இங்கே அடிமையாக இருந்தவர், இந்நாட்டைக் கட்ட என் மக்கள் உயிர் விட்டிருக்கிறார்கள், இங்கேதான் இருப்பேன், உங்களைப் போலவே எனக்கும் இதில் பங்குண்டு என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார்.

இத்துடன் நிறுத்தினால் இது வரலாறாகாது, புகழ்மாலையாகிவிடும். ராப்சனின் மீது நமக்கும் ஒரு வருத்தம் உண்டு. பாரிஸ் மாநாட்டுக்குப் பின் 1949 ஜூனில் அவர் மாஸ்கோ சென்றார். அங்கே தம் நண்பரான யூதக் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபரைப் பார்க்க விரும்பினார். ஃபெஃபர் அப்போது ஸ்டாலினின் சிறையில் இருந்தார். அவரைச் சிறையிலிருந்து நேரே ராப்சனின் அறைக்கு அழைத்துவந்தார்கள். சுவருக்கும் காதிருந்ததால் கண்ணாலும் கையாலுமே தம் நிலையை அவர் உணர்த்தினாராம். ராப்சனின் மகன் பிற்காலத்தில் வெளியிட்ட செய்தி இது. சில நாட்களில் மாஸ்கோ மேடையில் ராப்சன், வார்சா யூதர்களின் எதிர்ப்புப் பாடலைப் பாடி, அந்த நண்பர்களை நினைவுகூர்ந்தார். துணிச்சல்தான். ஆனால் தாயகம் திரும்பியதும், அங்கே யூதருக்கு எதிராக எதையும் காணவில்லை என்றார். 1952 ஆகஸ்ட் 12ஆம் நாள் ஃபெஃபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஸ்டாலின் பெயரால் வழங்கப்பட்ட சமாதானப் பரிசு ராப்சனுக்கு அறிவிக்கப்பட்டது, அவரும் ஏற்றார், ஸ்டாலின் இறந்தபோது புகழஞ்சலியும் எழுதினார். தம் பகைவர்கள் கையில் ஆயுதம் கொடுக்கக் கூடாது என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் நமக்குப் புரிகிறது. மௌனத்தை நியாயப்படுத்த மட்டும் மனம் வரவில்லை. ஆயினும் பீக்ஸ்கில் சாலையில் கல்லெறிந்தவர்கள் ஃபெஃபருக்காக எறியவில்லை.

நம் நாட்டுக்கும் இக்கதையில் ஒரு பங்கு உண்டு. 1938இல் லண்டனில் நேருவை வரவேற்ற கூட்டத்தில் இந்திய விடுதலைக்காகப் பேசியவர் ராப்சன். 1949இல் நேரு அமெரிக்கா வந்தபோதோ, இந்தியாவில் கம்யூனிஸ்டுகளைச் சிறையிட்டதைக் காரணம் காட்டி அவரைச் சந்திக்க மறுத்தார். நேரு அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 1958இல் ராப்சனின் அறுபதாவது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாட ஒரு குழு அமைந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா அதன் தலைவர். அமெரிக்க அதிகாரிகள் இதை நிறுத்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. நேரு பகிரங்கமாகவே வாழ்த்தினார். அதே சாக்ளா அவ்வாண்டே அமெரிக்காவுக்கு நம் தூதராகச் சென்றதை வாசகர்கள் புன்னகையுடன் குறித்துக்கொள்ளலாம்.

1958 ஜூன் 16ஆம் நாள், ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், ஒருவருடைய கொள்கையைக் காரணமாக்கி பாஸ்போர்ட்டை மறுக்க அயலுறவுச் செயலருக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ராப்சனுக்கும் வழி திறந்தது. லண்டன், மாஸ்கோ, ஆஸ்திரேலியா என்று பாடிவந்தார். 1960இல் சிட்னியில் கட்டிமுடியாத இசை மாளிகையின் சாரங்களுக்கிடையே நின்று கட்டடத் தொழிலாளருக்குப் பாடினார். ஆனால் எட்டாண்டுச் சிறைவாசம் உள்ளே தன் வேலையைச் செய்திருந்தது. 1961இல் மாஸ்கோவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார். பின் லண்டன் மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை. 1963இல் தாயகம் திரும்பி, மனைவியும் இறந்தபின், ஃபிலடெல்ஃபியாவில் தமக்கையின் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார்.

1972இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஜாக்கி ராபின்சன், அத்தகைய அழைப்பு இப்போது வந்தால் மறுத்துவிடுவேன் என்று எழுதினார். தம் மக்களுக்கு உதவுவதாக நம்பித் தம்மையே இழந்த ராப்சன்மீது தமக்கு மதிப்பு வளர்ந்திருப்பதாகவும் எழுதினார். அந்த ஆண்டே ராபின்சன் காலமானார். 1973இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் ராப்சனின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. அவர் வரவில்லை, ஒலிநாடாவில் பதிந்த வாழ்த்துரை மட்டும் வந்தது. 1976 ஜனவரி 23ஆம் நாள் மறைந்தார்.

கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைப் பொறித்தது 1995ஆம் ஆண்டில்.