ஒரே தொண்டையில் சிங்கமும் மனிதனும்

சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு நாமக்கல் மலைக்கோட்டை நினைவுக்கு வரும். அந்த ஒற்றைப் பாறையின் உச்சியில் கோட்டை எழுப்பியவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதே பாறையைக் குடைந்து கோயிலாக்கிவிட்டார்கள் அதியர்கள். ஒரு பக்கம் அரங்கநாதர், மறுபக்கம் நரசிம்மர். இரண்டும் 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைகள். அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டில் குணசீலன் என்ற அதிய அரசனின் பெயர் இருக்கிறது; கோயிலுக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர்.

கோட்டையின் கதைக்கு அடுத்த வாரம் வருகிறேன். இந்த வாரம் நரசிம்மர் குடைவரையில் கொஞ்சம் நிற்க வேண்டும். கருவறையில் நரசிம்மர் ஆசனத்தில் சாந்தமாக வீற்றிருக்கிறார். பக்கத்துச் சுவரில் அதே நரசிம்மர், இரணியனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். பூமியைத் தாங்கிய வராகமும், காலை ஓங்கி உலகளக்கும் திரிவிக்கிரமனும் கூடவே நிற்கிறார்கள். சீறும் முகத்துக்கும் அமர்ந்த முகத்துக்கும் நடுவே சில அடி தூரம்கூட இல்லை. செதுக்கியவர்கள் உக்கிரத்தை ஒரு கோயிலிலும் சாந்தத்தை இன்னொரு கோயிலிலும் வைத்திருக்கலாம். ஒரே குகையில்தான் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நரசிம்மம் முழுமையாகும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

இதே எண்ணத்தை இசையில் செய்துகாட்டிய ஒரு குழு மும்பையில் இருக்கிறது. டிமோனிக் ரெசரக்‌ஷன் என்பது அதன் பெயர். 2017இல் அவர்கள் வெளியிட்ட ‘தஷாவதார்’ என்ற ஆல்பத்தில் பத்துப் பாடல்கள், அவதாரத்துக்கு ஒன்று. மூன்றாவது வராகம், நான்காவது நரசிம்மம், ஐந்தாவது வாமனன். நாமக்கல் குகைச் சுவரில் இருக்கும் அதே மூவர், அடுத்தடுத்து. நம் சீமையின் வரலாற்றில் மும்பை மெட்டல் குழுவுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அவதாரக் கதைகளைக் கல்லில் சொன்னவர்களைப் பற்றி எழுதுகிறோம், கூத்தில் சொன்னவர்களைப் பற்றி எழுதுகிறோம், மின்கிதாரில் சொன்னவர்களையும் அந்த வரிசையில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

ஹெவி மெட்டல் கேட்டுப் பழகாதவர்களுக்கு முதலில் இடறுவது குரல். டெத் மெட்டல் என்ற வகையில் பாடகர் பாடுவதில்லை, உறுமுகிறார். இந்த உறுமலை ‘க்ரௌல்’ என்பார்கள். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இந்த வகை வேரூன்றியது. வெறும் கத்தல் என்று தள்ளிவிட முடியாத பயிற்சி அதில் இருக்கிறது. நாம் பேசும்போது அதிர்கிற குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு சோடி மடிப்புகள் உண்டு; பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. வயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்து, தொண்டையை இறுக்காமல் அந்த மடிப்புகளையும் சேர்த்து அதிரவிட்டால் பாறை உருளுவதுபோன்ற ஒலி வரும். மங்கோலியாவை அடுத்த துவா பகுதிப் பாடகர்கள் அடிவயிற்றுக் குரலில் பாடுவதும் இதே மடிப்புகளைக்கொண்டுதான். தவறாகச் செய்தால் தொண்டை புண்ணாகும். சரியாகக் கற்றவர்கள் இருபது ஆண்டுகள் பாடுகிறார்கள்.

உறுமலோடு இனிய குரலையும் ஒரே பாட்டில் சேர்க்கும் வழக்கம் பிறகு வந்தது. அதில் உலகப் புகழ் பெற்றது சுவீடனின் ஓபெத் குழு. 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் அவர்கள் வாசித்திருக்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

டிமோனிக் ரெசரக்‌ஷனைத் தொடங்கியவர் சாஹில் மகிஜா. ஆண்டு 2000. இந்தியாவில் மெட்டல் இசைக்கு மேடையும் இல்லை, பதிவு நிறுவனமும் இல்லை என்ற காலம். டிமன்ஸ்டீலர் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு நிறுவனத்தை அவரே நடத்தி, தன் குழுவோடு மற்றவர்களின் ஆல்பங்களையும் கொண்டுவந்தார். 2010இல் ‘தி ரிட்டர்ன் டு டார்க்னஸ்’ வந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் மெட்டல் ஹாமர் இதழ் வழங்கும் கோல்டன் காட்ஸ் விருதுகளில் இந்தக் குழுவுக்கும் ஒன்று கிடைத்தது. 2014இல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவில் வாசித்தார்கள். மெட்டல் உலகத்துக்கு அது திருவையாறு ஆராதனை மேடைபோல.

இத்தனைக்குப் பிறகு வந்தது ‘தஷாவதார்’. உறுமலும் பாடலும் மகிஜாவின் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. நிஷித் ஹெக்டேயின் கிதார், அஷ்வின் ஷ்ரியானின் பேஸ், வீரேந்திர கைத்தின் டிரம்ஸ். இரண்டு கால்களாலும் விடாமல் அடிக்கும் டபுள் பேஸ் வேகத்தில் பாட்டு விரைந்துகொண்டிருக்கும். உறுமல் அதன் மேல் ஏறி வரும். பிறகு ஓரிடத்தில் கதவு திறந்ததுபோல நீண்ட, சுருதி சுத்தமான குரல் எழும். இந்த மாற்றம் பல குழுக்களிடம் வெறும் உத்தி. கடினமாக ஒரு பகுதி, காதுக்கு இதமாக ஒரு பகுதி என்று கட்டிவிடுவார்கள். இங்கே பொருளே அதைக் கேட்கிறது. மனிதனும் அல்ல, விலங்கும் அல்ல என்ற உருவத்தை ஒரே குரலால் எப்படிப் பாட முடியும்? சிங்கம் உறுமத்தான் வேண்டும், பிரகலாதனுக்கு இரங்கும் முகமும் தெரியத்தான் வேண்டும். மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடி அணிபவர் விரதமிருந்து மேடையேறி, ஆவேசம் வந்து ஆடுகிறார். பிரகலாதனோ கீர்த்தனம் பாடுகிறான். அங்கே இரண்டு நடிகர்களிடம் பிரிந்திருப்பதை மகிஜா ஒரு தொண்டைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஆல்பத்தின் பட்டியலில் ஒன்பதாவது புத்தர். தமிழ்நாட்டில் நாம் பெரும்பாலும் பலராமனைச் சேர்த்துத்தான் பத்தை எண்ணுகிறோம். புத்தருக்கு அந்த வரிசையில் இடமில்லை. மும்பைக்காரர்கள் வடக்கத்திப் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் பரசுராமனின் கோடரிக்கும் கல்கியின் வாளுக்கும் நடுவே புத்தருக்கு ஒரு மெட்டல் பாட்டு என்பது துணிச்சலான காரியம்.

இவ்வளவு இருந்தும் இந்த ஆல்பத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம். பாடல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதனால் கோயில், கூத்து, புராணம் என்று எழுதுகிறவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மெட்டல் ரசிகர்களில் பலருக்கோ புராணம் அந்நியம். அவர்கள் கிதாரின் வேகத்தை எடைபோட்டுவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு கூட்டமும் சந்திக்கவேண்டிய இடம் இது. அவதாரம் என்ற சொல் காதில் விழுந்தாலே கதையை முழுதாகச் சொல்லத் தெரிந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை ரசிக்க ஆங்கிலம்கூடத் தேவையில்லை. எந்த இடத்தில் தூண் பிளக்கிறது என்று குரலே சொல்லிவிடும்.

கேட்க நினைக்கிறவர்கள் நான்காவது பாட்டிலிருந்து தொடங்கலாம். முதல் தடவை உறுமல் மட்டும்தான் காதில் நிற்கும். இரண்டாம் தடவை இனிய குரல் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு முதல் பாட்டான மச்சத்துக்குப் போய் வரிசையாகக் கல்கி வரை கேட்கலாம்.

அடுத்த வாரம் மலை ஏறுவோம். இராமச்சந்திர நாயக்கரின் கோட்டைச் சுவர்களும், அவரது பாளையத்துக்கும் மதுரை நாயக்கர்களுக்கும் இருந்த உறவும்.

(தொடரும்)